உருப்படி 114

ஜனவரியில் வரவேண்டிய கணக்கெடுப்பு
மார்ச்சில் வந்தது.
வலயக் கந்தோரிலிருந்து இருவர், ஒரு சிவப்புப் பேனை,
உவர்மலை ஏறிய வியர்வை.
தேத்தண்ணி வைத்துவிட்டு
இருப்புப் பதிவேட்டை விரித்தேன்.

நூற்றுப் பதினாலு:
சலமந்தர், ஒன்று, போமலினில்.

எந்தக் கப்பலில் இறங்கியதென்று தெரியாது.
எனக்கு முன்னிருந்தவருக்கும் தெரியாது.
தவளையாகப் புறப்பட்டு
வழியில் பல்லியின் நினைவு வந்து
நின்றுவிட்டது போல ஓர் உடம்பு.
மஞ்சள் பொட்டுகள் இருந்தனவாம்.
இப்போது முழுக்கக் கஞ்சி நிறம்.
இந்தத் தீவில் இதற்குச் சொந்தமில்லை,
தமிழில் சொந்தப் பெயருமில்லை.
ஆகவே இதற்கொரு பூட்டு,
சாவி என் இடுப்பில்.

கதவோரத்து ரியூப்லைற்றின் தகட்டுக்குள்
கொண்டைக்குருவி குடியிருக்கிறது.
அது எந்த ஏட்டிலும் இல்லை.
டொக்யாட் வீதிக் கம்பிகளில்,
மான்கள் படுத்துக் கிடக்கும் பஸ்தரிப்பின் கூரையில்,
பிரிகேட் வாசலின் வேப்பமரத்தில்
எண்ணத் தொடங்கினால் விரல் தீர்ந்துபோகும்.
குண்டி சிவப்பென்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.
பரீட்சைக்கு ஒருவரும் அதை வரைவதில்லை.

பாட்டென்று சொன்னால் கொஞ்சம் அதிகம்.
கடையில் நிற்கும் புதுச் சைக்கிளின் மணியை
வாங்கக் காசில்லாத பிள்ளை
அழுத்தி அழுத்திப் பார்ப்பது போல.

ஷெல் விழுந்த கிழமை
அலுமாரிக் கண்ணாடி எல்லாம் கொட்டுண்டு போயிற்று.
போத்தல் மட்டும் அசையாமல் நின்றது.
அதிசயம் என்று வந்து வந்து பார்த்தார்கள்.
குருவிகளை ஒருவரும் விசாரிக்கவில்லை.
மறுநாள் விடிய ஏதோ ஒன்று கூவியது.
அதுதானா, வேறொன்றா?
நிறைய இருப்பதில் உள்ள வசதி அது.
போனது தெரியாது.

வால் அறுந்தால் திரும்ப வளரும்
என்கிறது பாடப்புத்தகம்.
போன வருடம் போமலின் மாற்றுகையில்
நுனி உடைந்து அடியில் கிடக்கிறது,
ஒரு துண்டு இடியப்பம் போல.
வளருமென்று நான் காத்திருக்கவில்லை.
ஆனாலும் இரண்டொரு தடவை பார்த்தேன்.

குருவியின் முதற் கூட்டைக் காகம் பிய்த்தது.
நாலாம் நாள் அதே தகட்டில்
புல், தும்பு, நூல், ஒரு ரொபித்தாள்.

இப்படியும் நினைப்பதுண்டு:
குளிர்ந்த காடு, மழை,
உக்கிய மரத்தைப் புரட்டினால்
அடியில் ஐந்தாறு சலமந்தர்கள்.
அந்த ஊரார் கால் தட்டாமல் விலகி நடப்பார்கள், அவ்வளவுதான்.
அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில்,
பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால்,
பஞ்சடைத்த வயிறோடு
எங்கள் கொண்டைக்குருவி.
ஒருத்தி தூசி துடைத்து
உருப்படி ஒன்று என்று எழுதிக்கொண்டிருப்பாள்.
அது எப்படிக் கூவும் என்று
அவளிடம் யாராவது கேட்டால் என்ன சொல்வாள்?

"ரியூப்லைற் ஆறு. எரியிறது?"
நிஹ்மத் சேர் கேட்டார்.
"அஞ்சு, சேர்."
பதினேழு வருடத்தில்
அந்த ஏட்டுக்குள் நான் வைத்த முதற் பொய்.
அவர் நிமிர்ந்து பார்த்தார்.
அந்நேரம் பார்த்துத் தகட்டு விளிம்பில்
மூன்று வாய்கள் திறந்தன, செக்கச் செவேலென்று.
மற்றவர் சிரித்துவிட்டார்.
நிஹ்மத் சேர் சிரிக்கவில்லை.
கிண்ணியாக்காரர், குரலைத் தணித்துக்கொண்டு
"ஓம், பழுதுதான்" என்று எழுதினார்.

பிறகு போத்தலைத் தூக்கிப் பிடித்தார்.
"இதுக்கு வால் குறையுதே. கழிச்சிருவமா?"

என்ன சொல்வதென்று யோசிக்குமுன்
வாய் சொல்லிவிட்டது:
"வேண்டாம் சேர். அது ஒண்டுதானே."

கையெழுத்து: ச. வதனரூபி, ஆய்வுகூட உதவியாளர்.
அலுமாரியைப் பூட்டினேன்.
சாவி இடுப்புக்குப் போயிற்று.
கதவை மட்டும் ஒருக்களித்து விட்டேன்.
வெளியே வாயில் ஒரு புழுவோடு
அது பொறுமையிழந்து காத்திருந்தது.